ஒரு வார்த்தை விடாமல்

முன்வரிசையில் இருந்த கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் லேப்டாப். டக டக டக என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு எரிச்சலாக வந்தது.

நூலகத்தின் மாடி அறை. சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டம். வெளியே மழை. திரை தெரியட்டும் என்று விளக்குகளை அணைத்திருந்தார்கள். அரை இருட்டில் முப்பது முகங்களும் தூக்கத்தில் வருகிற முகங்கள் மாதிரி மங்கலாகத் தெரிந்தன.

ஏழு வருஷம் கழித்து மைக் பிடிக்கிறாள். குழந்தைக்காக வேலையை விட்டவள். திரும்ப வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "நடுவுல ஏழு வருஷம் என்ன பண்ணீங்க?" என்றார்கள். பண்ணியதைச் சொன்னால் சிரித்தார்கள். இந்தப் பேச்சுக்காக ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். மகள் முன்னாலும் ஒருநாள் பேசிக் காட்டினாள். பேச்சோடு திரையில் காட்டுகிற மூன்றாவது படத்திலேயே அது தூங்கிப்போனது வேறு கதை.

பேச ஏறும்போது, கூட்டத்தை நடத்துகிறவர் காதோடு சொல்லியிருந்தார்.

"அக்கா, கடைசி வரிசையில மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருக்காங்களே, அவங்க கம்பெனிக்கு ரெண்டு பேர் வேணுமாம். அந்த மேடம் மனசு வச்சா உங்க வேலை முடிஞ்ச மாதிரிதான். ஜமாய்ங்க!"

சொல்லிவிட்டு, மழையில் நனைந்து வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடக் கீழே போய்விட்டார்.

முதல் பத்து நிமிடம் கனவில் நடப்பது போலத்தான் இருந்தது. வாய் தானாகப் பேசியது. கை தானாகப் பொத்தானை அமுக்கியது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. யாரோ ஒருத்தி இவ்வளவு அழகாகப் பேசுகிறாளே என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே மிதந்துகொண்டே போயிருப்பாள், அந்த டக டக மட்டும் இல்லாவிட்டால்.

கடைசி வரிசையைப் பார்த்தாள். மஞ்சள் மழைக்கோட்டு மேடம் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாரே தவிர, தலை நிமிரவே இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

வேலை கொடுக்கப் போகிறவரை என்னவென்று கேட்பது? முன்வரிசையைக் கேட்கலாமே!

அந்த நேரம் பார்த்துத்தான் திரையில் அவள் எழுதி வைத்த வரி வந்து நின்றது. படித்தாள்.

"பிழைன்னு எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. பாதி நேரம் தப்பு நம்ம பக்கம்தான் இருக்கும்."

டக டக டக.

"சார்! உங்களைத்தான். ஆபீஸ் வேலையை ஆபீஸ்ல வச்சுக்கக் கூடாதா? ஒருத்தி ஒரு மாசமா உயிரை விட்டுத் தயார் பண்ணிட்டு வந்து பேசறா. கேக்கப் பிடிக்கலைன்னா எழுந்து போங்க. உக்காந்துகிட்டு இப்படி அவமானப்படுத்தாதீங்க!"



அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். முகம் சிவந்து, "மன்னிச்சுக்குங்க" என்று உதட்டளவில் சொன்னார். ஆனால் விரல்கள் அப்போதும் நிற்கவில்லை. என்ன, கொஞ்சம் மெதுவாகத் தட்டின.

என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டாள். மிச்சத்தை எப்படிப் பேசி முடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டு நேராக அவளிடம் வந்தது.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க" என்றார் மேடம். குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. "சத்தமாப் பேசறேனா? எனக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க. மூணு வருஷமாச்சு. நீங்க மெதுவாப் பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்."

"அப்ப... என் பேச்சை?"

"படிச்சேன்." மேடம் போனைத் தூக்கிக் காட்டினார். "அதோ, கட்டம்போட்ட சட்டை. மாசாமாசம் யார் பேசினாலும் அப்படியே டைப் பண்ணுவார். அது உடனே உடனே என் போன்ல வந்துடும்."

அவள் திரும்பி அந்தக் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தாள்.

"உங்க சொந்தக்காரரா?"

"அதெல்லாம் இல்லீங்க. நம்மள மாதிரி அவரும் பிழை பார்க்கிறவர்தான். நான் கேக்கக்கூட இல்லை, அவராவே செய்யறார். உங்க பேச்சை ஒரு வார்த்தை விடாம படிச்சேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வாங்க, பேசலாம்."

ஒரு வார்த்தை விடாமலா? அவர் ஒழுங்காக டைப் செய்திருந்தால் அவள் கத்திய கத்தலும் அதில் இருக்குமே!

"கொஞ்சம் பார்க்கலாமா?"

மேடம் போனை நீட்டினார். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். 'பாதி நேரம் தப்பு நம்ம பக்கம்தான் இருக்கும்' என்ற வரி வந்தது. கண்ணை இறுக மூடித் திறந்து, அடுத்த வரியைப் படித்தாள்.

'பேச்சாளர் தண்ணீர் குடிக்கிறார். ஒரு நிமிஷம் பொறுங்கள், மேடம். அருமையாகப் பேசுகிறார்.'