கம்பளிச் சட்டை போட்ட கணினி

நாரின் என்ற மலையூரில் காலை பத்து மணி. ஜன்னல் கண்ணாடியில் உறைந்த பனியைத் தாண்டி வெயில் மேசைமேல் மங்கலாக விழுகிறது. பதினோரு மணிக்கு அய்ஸிரெக்குக்கு நர்ஸ் வேலை நேர்காணல், இந்தக் கணினியில்தான். அதுவோ ஆமையாக நகர்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக அணைந்துபோகிறது. "இன்னைக்குன்னு பாத்தா இந்தப் பாழாப்போனது படுக்கணும்?" என்று அவள் அம்மா புருல்சா அக்கா புலம்புகிறாள். பழுது பார்க்க வந்த நான் கணினிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன், சுடுகிறது. அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு தடித்த கம்பளி உறை, சிவப்பில் ஆட்டுக்கொம்பு வேலைப்பாட்டோடு. தேநீர்ப் பானைக்குத் தைத்ததுபோலவே இதற்கும் அக்கா தைத்திருக்கிறாள். "வெளிய இந்தக் குளிரு குளிருதே, அதுவும் நம்ம வீட்டு உருப்படிதானேப்பா!" உறையைக் கழற்றுகிறேன். காற்றுப் போகும் ஓட்டைகளெல்லாம் அடைபட்டுக் கிடந்திருக்கின்றன. உள்ளே விசிறியில் ஆட்டு ரோமம் சடைசடையாகச் சுற்றியிருக்கிறது. நான் இடுக்கியால் இழுக்க இழுக்க அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போகிறது. கணினியை மறுபடி போட்டதும் விசிறி லேசாகச் சுழல்கிறது. பத்து நிமிடம் போகிறது, இருபது போகிறது, அணையவில்லை. அய்ஸிரெக் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கிறாள். "என்னண்ணே கோளாறு? அம்மா எதையாவது நோண்டிட்டாங்களா?" கையிலிருந்த ரோமத்தைக் கோட்டுப் பைக்குள் திணிக்கிறேன். "பழைய மெஷினும்மா. தூசி, அவ்வளவுதான். நீ உக்காரு." சமையலறையில் அக்கா எனக்குத் தேநீர் ஊற்றுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் அறுபடாமல் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.