நகம் பார்த்த கை

"யோவ் ரெப்ரி! அவன் எங்கேய்யா மூச்சு விட்டான்? காதுல பஞ்சா அடைச்சிருக்கே?"

டிரில் மாஸ்டர் சின்னத்துரை எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கையில் பிரம்பு. மீசை துடித்தது.

போடியில் அன்று பள்ளிக்கூடங்களுக்கான சடுகுடு இறுதி ஆட்டம். ஜெயித்தால் மதுரைக்கு ரயில் ஏறலாம். பத்து வருஷமாக டிரில் மாஸ்டராக இருக்கிறவர், கோஷ்டியோடு அந்த ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. இந்த வருஷம் முனியசாமி ஏற்றிவிடுவான் என்று மலைபோல் நம்பியிருந்தார். பயல் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான்.

அவனைத்தான் ரெப்ரி ஞானதுரை மூன்றாவது தடவையாக, "பாட்டு நின்னுருச்சு, அவுட்!" என்று வெளியே அனுப்பினார். அதோடு ஆட்டமும் முடிந்தது. தோல்வி!

ஆட்டம் தொடங்குமுன்பே மாஸ்டருக்கு அந்த ஆள்மீது எரிச்சல்தான். வழக்கப்படி ஒவ்வொருவன் கையாகப் பிடித்து நகம் பார்த்துக்கொண்டே வந்த ரெப்ரி, முனியசாமியிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"மாஸ்டர், இவனை உட்கார வையுங்க. இவனுக்கு..."

"நகந்தானே? காலையில நானே மத்த பயலுகளுக்குக் கையைப் பிடிச்சு வெட்டிவிட்டேன். இவனையும் காட்டச் சொல்லிப் பார்த்துட்டேன். உன் சோலியைப் பாருய்யா!"

"எனக்கு ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்று முனியசாமியும் கெஞ்சினான். ரெப்ரி விசிலை எடுத்தார்.

அதையெல்லாம் நினைக்க நினைக்க மாஸ்டருக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"உன் புத்தி எனக்குத் தெரியும்யா! சேரிப் பையன் கப்பு வாங்கிறக் கூடாது, அதானே? சுதந்திரம் வந்து எட்டு வருசமாச்சு. இன்னும் உங்க மனசு அழுக்குப் போகலை. இவனை டீமுல சேர்த்தப்ப ஊரே என்னை ஏசுச்சு. சேர்த்தேன்யா! மேலே எழுதிப் போட்டு உன் விசிலைப் பிடுங்குறேனா இல்லையா பாரு!"

கூட்டம் கைதட்டியது. மாஸ்டருக்குத் தன் கோபம் தனக்கே பிடித்துப்போய், இன்னும் உரக்கக் கத்தினார்.

கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த முனியசாமி அப்படியே மண்ணில் சாய்ந்தான். பல் கிட்டித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

ஞானதுரை ஓடிப்போய் அவனை வாரி மடியில் கிடத்திக்கொண்டார்.

"கடைசியா அவுட்டானப்ப கேட்டேன். லீவுக்கு ஏலத்தோட்டத்துக்கு அப்பன்கிட்டப் போனவன், போன வாரந்தான் மலையிறங்கினானாம். மலைக்காய்ச்சல். யாராவது ஜீப்பைக் கொண்டாங்கப்பா, வெரசா!"

"காய்ச்சலா?" மாஸ்டருக்குக் குரல் இன்னும் இறங்கவில்லை. "தெரிஞ்சா நான் ஆட விட்டிருப்பேனா? உனக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நகம் பார்க்கையில கை நெருப்பாக் கொதிச்சுச்சு."

"நானுந்தான் காலையில நகம் பார்த்தேன்!"

ஞானதுரை நிமிர்ந்தார்.

"பார்த்தீங்க மாஸ்டர். தொட்டீங்களா?"