ஆறடிப் பாத்தி

"அது பாத்தி இல்லைங்க. ஒரு ஆளைப் படுக்க வைக்கிற அளவு" என்றாள் டோரீன், மாடி ஜன்னலை விட்டு நகராமல்.

காப்பிக் கோப்பையோடு வந்த அவள் கணவர் கிளேட்டன் எட்டிப் பார்த்தார். மார்ச் முதல் வாரம். துலூத் நகரமே முழங்கால் பனியில் கிடக்க, பக்கத்து வீட்டு ஆர்லனின் கொல்லையில் ஆறடி நீளத்துக்கு மட்டும் கறுப்பு மண் தெரிந்தது. அதில் ஊதா நிறத்தில் குரோக்கஸ் பூக்கள்.

"நம்ம வீட்ல இது தலைகாட்ட ஏப்ரல் கடைசி ஆகும். அங்க மட்டும் எப்படி? மண்ணுக்கு அடியில என்னமோ இருக்கு" என்றாள் டோரீன்.

"ஆர்லன் கைராசிக்காரன்."

"அக்டோபர்ல அவர் அங்க வெட்டிக்கிட்டிருந்ததை நான் பார்த்தேன். அதுக்கப்புறம் அவர் பெண்டாட்டி லவோனைப் பார்த்தீங்களா? சர்ச்சுல பாடுறவ, ஒரு ஞாயித்துக்கிழமைகூட வரல. கேட்டா, அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்றாரு."

"போயிருப்பா."

"அஞ்சு மாசமா? அவ பனி பூட்ஸ் இன்னும் வாசல்லதான் கிடக்கு."

"டி.வி.ல போலீஸ் கதை பார்க்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்க" என்று சிரித்தார் கிளேட்டன்.

டோரீன் சிரிக்கவில்லை. மதியம் வாழைப்பழ கேக் ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆர்லனின் கார் ஷெட்டிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று பனிக்குள் ஓடியது. குளிரில் கார் எஞ்சினைச் சூடாக்க எல்லார் வீட்டிலும் கிடக்கிற ஒயர்தான். தாண்டிப் போனாள்.

கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் உடம்பால் மறைத்து நின்றார் ஆர்லன். முகச்சவரம் செய்து பல நாள் இருக்கும்.

"லவோன் எங்க?"

"அக்கா வீட்ல..."

"அவ அக்காவுக்கு நேத்து ஃபோன் பண்ணேன். அங்க வரவே இல்லையாம்." டோரீன் கேக்கை நீட்டவில்லை. "கொல்லைல எதைப் புதைச்சிருக்கீங்க ஆர்லன்? சொல்லலேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

ஆர்லன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"மண்ணைச் சூடாக்குற ஒயர்" என்றார். "பிப்ரவரிலேர்ந்து ராப்பகலா ஓடுது."

"எதுக்கு?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா." விலகி வழிவிட்டு, பின்னறைக் கதவைத் தள்ளினார்.

ஜன்னலோரக் கட்டிலில், கம்பளித் தொப்பிக்குள் பாதியாய் வற்றிப்போன ஒரு முகம் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிச் சிரித்தபோதுதான் அது லவோன் என்று தெரிந்தது.

"டாக்டர் மார்ச் வரைக்கும்தான்னு சொல்லிட்டார், டோரீன். எனக்கு ஏப்ரல் பூவைப் பார்க்கணும்னு ஆசை."