பன்னிரண்டுக்கு இரண்டு

அருவியில் வெள்ளம் என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டதால், குற்றாலத்து லாட்ஜ் அறையில் மாமனாரும் மருமகனும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் செண்பகராமன் கொண்டுவந்த சண்டை விளையாட்டு அது. எதிரி ஒவ்வொருவனுக்கும் திறமைக்கு ஒரு மார்க், துணிச்சலுக்கு ஒரு மார்க், இரண்டும் பன்னிரண்டுக்கு. துணிச்சல் குறைந்தவன், பக்கத்தில் ஒருவன் விழுந்ததும் ஓடிவிடுவான்.

“துணிச்சலுக்கு எல்லாவனுக்கும் ரெண்டு போடுங்க மாப்ள,” என்றார் ரிட்டயர்டு சுபேதார் தளவாய், மீசையை நீவியபடி. “என்னையப் பாத்தா எவன் நிப்பான்? எழுபத்தொண்ணு யுத்தத்துல ஒரு அதட்டுதான். அம்புட்டுப் பேரும் ஓடிட்டானுவ.”

அவர் ஊரான வடகரையே கேட்டுக் கேட்டு அலுத்த ஓட்டம் அது. மாமனாரின் மீசையைக் கொஞ்சம் இறக்க நினைத்த செண்பகராமன், கடைசி வீரனுக்கு மட்டும் ரகசியமாகப் பன்னிரண்டு போட்டான்.

தளவாயின் முதல் உருட்டலில் ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். அவன் மட்டும் நின்றான்.

“இவன் ஓட மாட்டான், மாமா. பகடையைப் போட்டு வெட்டுங்க.”

தளவாய் பகடையைக் கீழே வைத்தார்.

“ஓடச் சொல்லுங்க மாப்ள.”

“துணிச்சல் பன்னிரண்டு, மாமா.”

“அன்னைக்கும் ஒருத்தன் நின்னான். சின்னப் பய. ‘ஓடுலே, ஓடிருலே’ன்னு தொண்டை கிழியக் கத்துனேன்.” தளவாயின் குரல் இறங்கியது. “நம்ம பாஷை அவனுக்கு எங்க தெரியும்?”

செண்பகராமன் பன்னிரண்டை அழித்துவிட்டு இரண்டு போட்டான்.

“ஓடிட்டான், மாமா.”

“சொன்னேம்லா,” என்றார் தளவாய். கை மட்டும் மீசைக்குப் போகவில்லை.