ஆறாம் தொகுப்புக்கு ஒரு நட்சத்திரம்

கடைசிக் கதையை முடித்துவிட்டுச் சிவக்குமார் கண்ணாடியைக் கழற்றினார். முகம் துடைக்கத் துண்டைத் தேடினார்.

திருநகர் வீட்டின் மாடி அறை மத்தியான வெயிலில் கொதித்தது. மேசைமேல் கிடந்த புத்தகத்தின் பக்கங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன.

'நீலவளையம்', ஆறாம் தொகுப்பு.

பூமியை விட்டுப் போன மனிதர்கள் வேறொரு கோளைச் சுற்றிக் குடியிருக்கும் உலகம் அது. முதலில் தொடராக வந்தது. பிறகு கேம் ஆனது. இப்போது வருடத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் எழுதுவார்கள். உலகம் ஒன்றுதான், கப்பல்களும் மாலுமிகளும் அதேதான்.

தொகுப்பு வந்த வாரமே சித்தார்த் என்ற பெயரில் வலைத்தளத்தில் விமர்சனம் வந்துவிடும். இந்தத் தடவை தாமதம். செல்லூரிலிருந்து ராஜபாண்டி என்ற வாசகன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். 'மாப்ள, எங்கடா போன? நீ சொன்னாத்தான் வாங்குவேன்.'

முகம் பார்த்ததில்லை. ஆனாலும் மாப்ளதான்.

சிவக்குமாருக்குச் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம். போன வருடம் வரை செய்தித்தாளைத் தவிர எதையும் படித்தவரில்லை. இப்போது ஐந்து தொகுப்புகளையும், அவற்றுக்கு வந்த விமர்சனங்களையும் பரீட்சைக்குப் போகிறவர் போல உருப்போட்டு வைத்திருந்தார்.

கடைசிக் கதையில்தான் சிக்கல்.

மூன்றாம் தொகுப்பில் கப்பலோடு வெடித்துச் சிதறிய இளம் மாலுமி ஒருவன் அதில் திரும்பி வருகிறான். எப்படிப் பிழைத்தான் என்று ஒரு வரி கிடையாது. கதவு திறக்கிறது. நிற்கிறான். பசிக்கிறது என்கிறான்.

அந்த இடத்தை அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஐந்து நட்சத்திரம் போட்டார். பிறகு விரல் நகரவில்லை.

சித்தார்த்தின் விமர்சனத்தில் ஒரு கறாரான விதி உண்டு. செத்த பாத்திரத்தை உயிரோடு கொண்டுவந்தால் ஒரே நட்சத்திரம்தான், எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. அதற்காகவே அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். ஐந்து போட்டால் ராஜபாண்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்.

சிவக்குமார் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அழித்தார். ஒன்று மிஞ்சியது.

ஆள்காட்டி விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

'செத்தவன் செத்தவன்தான். அவனைத் திரும்பக் கூட்டிவருவது கதை இல்லை, ஏமாற்று வேலை.'

'செத்தவன்' என்ற சொல்லைத் தட்டும்போது இரண்டு முறை தப்பானது. இரண்டு முறையும் அழித்து, மறுபடி அதையே எழுதினார். பதிவேற்றினார்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மீனா மாடியேறி வந்து பக்கத்தில் நின்றது தெரியும்.

கணினி சத்தம் கொடுத்தது. ராஜபாண்டி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவிக்குக் கேட்கும்படி வாசித்தார்.

'இதான்டா பழைய சித்தார்த்! மாப்ள திரும்பி வந்துட்டான்யா!'

போன ஐப்பசி மழையில் ஒத்தக்கடை கல்லூரியிலிருந்து பைக்கில் திரும்பிய சித்தார்த்தை லாரி அடித்துப் போட்டதும், மறுநாள் அப்பாவே தத்தனேரியில் கொள்ளி வைத்ததும் செல்லூரில் இருக்கிற அவனுக்கு எப்படித் தெரியும்?

சிவக்குமார் பதில் எழுதக் கையை நீட்டினார். இனிமேல் முடியாது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

மீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிராதீங்க. அந்தப் பயலுக்காச்சும் நம்ம பிள்ள இருந்துட்டுப் போகட்டும்."