நூற்றாண்டு மலர்

ஊர் மெதடிஸ்ட் சபையின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஞானசுந்தரி. சேரியிலிருந்து ஞானஸ்நானம் பெற்று வந்த தன் அப்பாவும் மற்றவர்களும் இருபது வருடம் ஆலய வாசலுக்கு வெளியே நின்றே ஜெபித்ததை அதில் எழுதியிருந்தார். அச்சில் அது இல்லை. ‘ஆதிமுதல் ஒரே குடும்பமாய் ஆராதித்தோம்’ என்று இருந்தது. கீழே அவர் பெயர்.

செயலாளர் பாக்கியநாதனிடம் போய்க் கேட்டார்.

“நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்கு டீச்சர்? உங்களுக்குப் பிஷப் கையால சால்வை போடறோம்ல?”

ஞாயிறன்று ஞானசுந்தரி மேடையேறிச் சால்வையை வாங்கிக்கொண்டார். சபை கைதட்டியது. இறங்கி வந்தபோது தம்பி எபநேசர் மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இத நீயாக்கா எழுதின?”

தம்பியின் முகத்தைப் பார்க்காமல், சால்வையை மடித்தபடியே, “ஆமா” என்றார் ஞானசுந்தரி.