மேலே பாருங்க

ராக்கெட் விடுகிற அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாதென்று குப்பத்தில் மைக் வைத்துச் சொல்லியிருந்தார்கள். மீறினால் படகை மூன்று மாதம் கரையேற்றிவிடுவார்கள். வேம்புலி மீறிப் போயிருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தாள் அவன் பெண்டாட்டி தேசம்மா.

விடிவதற்கு முன் ராக்கெட் சீறி ஏறியது. உச்சியில் அதன் புகை பச்சையும் நீலமுமாய் விரிந்து, மேகமாக ஒளிர்ந்தது. ஊரே கரையில் அண்ணாந்து நின்றது.

"உன் வூட்டுக்காரரையும் இட்டாரக் கூடாதா? காய்ச்சலெல்லாம் பறந்துடும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பொற்கொடி.

தேசம்மா மேலே பார்க்கவேயில்லை. கடல் நிலாக் காய்ந்ததுபோல வெளுத்துக் கிடந்தது. அணைஞ்சு தொலையேன் என்று மேகத்தை மனசுக்குள் திட்டினாள். அப்போதுதான் அலைக்கு அப்பால் அவர்கள் படகு தெரிந்தது.

"மேல பாருங்க! மயிலாட்டம் விரியுது!" என்று கத்தினாள். எல்லாத் தலையும் இன்னும் அண்ணாந்தன.

படகு ஆடி ஆடிக் கிட்டே வந்தது. அதில் யாருமில்லை. மேகம் மங்கத் தொடங்கியிருந்தது.

"பொற்கொடி, கடலப் பாருடி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சும்மாருக்கா, கடல தெனமுந்தான் பாக்குறோம்" என்றாள் பொற்கொடி, வானத்திலிருந்து கண்ணெடுக்காமல்.